சர்மினி போட்ட கொசுறு

ஜாவாத் தீவின் க்ளாத்தன் சந்தையில் சின்ன வெங்காயமும் மிளகாயும் விற்கிற சர்மினிக்கு ஐம்பத்திரண்டு வயது. முழங்கால்களுக்கு மட்டும் எண்பது. இருபத்தெட்டு வருஷமாக அவள் கொசுறாகப் போட்ட மிளகாயைக் கோத்தால் மெராபி மலைக்கு மூன்று சுற்று மாலை போட்டு, மீதியில் ஊருக்கே சம்பல் அரைக்கலாம்.

மருத்துவமனைச் சமையல்கட்டில் எடை போடுகிற வேலை ஒன்று காலியானது. நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஆறாவதோடு நின்ற சர்மினி, பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

கணக்கு வாத்தியார் ஹெந்த்ரோ பலகையில் எழுதினார்: 3x + 4 = 19.

"அஞ்சு," என்றாள் சர்மினி, அவர் சாக்பீஸைக் கீழே வைக்கும் முன்பே.

"விடை சரிதான்க்கா. ஆனா வழிக்குத்தான் மார்க்கு."

"ஊரு வந்து சேர்ந்தவளை எந்த பஸ்ஸுல வந்தேன்னு கேக்குறீங்களே வாத்தியாரே."

"உங்க தராசை நினைச்சுக்குங்க. ரெண்டு தட்டும் சமம். இதுல நாலு எடுத்தா அதுலயும் நாலு எடுக்கணும்."

"என் தராசு என்னிக்குச் சமமா நின்னுது? வாங்குறவங்க தட்டு கொஞ்சம் தாழ்ந்தாத்தானே யாவாரம்."

வகுப்பு சிரித்தது. சர்மினி சிரிக்கவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

இடப்பக்கம் நாலை எடுத்தாள். 3x நின்றது. வலப்பக்கம் அவளுக்குச் சரக்குத் தட்டு. பத்தொன்பதில் நாலு போனால் பதினைந்து என்று வாய் சொன்னது. கை பதினாறு என்று எழுதியது. மூன்றால் வகுத்தாள். ஐந்து போக, ஒன்று மிச்சம் நின்று அவளையே பார்த்தது.

"இந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சுக்கா?"

"தெரியலையே. தானா வந்து நிக்குது."

நாற்பது தடவை போட்டுப் பார்த்தாள். இடது கையால் எழுதப் பழகினாள். ஒரே வாரத்தில் அதுவும் கொசுறு போடக் கற்றுக்கொண்டது.

தேர்வில் வந்தது 4x + 7 = 31. ஆறு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 4x = 25 என்று எழுதி, அழித்து, 24 என்று திருத்தினாள். அந்த இருபத்து நாலு மொட்டையாக நின்றது. வாங்க வந்தவளைக் குறைத்து நிறுத்து அனுப்பியதுபோல மனசு அடித்துக்கொண்டது. கண்ணை மூடித் திறந்தாள், மறுபடி 25. அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது. மணி அடித்தபோது ஓட்டைக்குக் கீழே x = 6 மட்டும் இருந்தது.

இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. மருத்துவமனையில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். சேதி சொல்ல ஹெந்த்ரோவே சந்தைக்கு வந்தார். சொல்லிவிட்டுச் சும்மா போக மனசு வராமல் கால் கிலோ வெங்காயம் கேட்டார்.

சர்மினி நிறுத்தாள். முள் நேராக நின்றது.

"அப்படியே விடுங்கக்கா. இதான் சமம். பாருங்க, உங்களால முடியுது."

அவள் இரண்டு மூச்சு பொறுத்தாள். கை போய் நாலு வெங்காயத்தை எடுத்துப் போட்டது. தட்டு தாழ்ந்தது.

"நான் போடலை வாத்தியாரே," என்றாள், முழங்காலைத் தேய்த்தபடி. "அடுத்த பரீட்சை எப்ப?"

"அடுத்த வருஷம்."

பையை நீட்டினாள். அதன் மேலே ஒரு பிடி மிளகாயும் இருந்தது.