மண்டபத்துக்கு எழுதிய நியாயம்

தனஞ்சயன் திருகோணமலையில் திட்டமிடல் உத்தியோகத்தர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாநாட்டு மண்டபத்தைப் பெரிதாக்கினால் நகரத்துக்கு என்ன நன்மை என்று ஆராய்ந்து எழுதும் வேலை அவரிடம் வந்தது.

மூன்று வருடப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். மண்டபம் நிறைந்துதான் ஓடியிருந்தது. ஆனால் எல்லாம் கலியாணம், பெரியபிள்ளையான பெண்களுக்கான சாமத்தியவீடு, பாடசாலைப் பரிசளிப்பு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரமே வீடு திரும்பும் ஊர்ச்சனம். வெளியூர்க்காரர் தங்கிய மாநாடு வருடத்துக்கு நாலைந்துதான். விரிவாக்கம் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மேலதிகாரி அதைத் திருப்பித் தந்தார். "கட்டுறதெண்டு முடிவெடுத்தாச்சு, தனஞ்சயன். நீங்கள் காரணத்தை மட்டும் எழுதுங்கோ."

அவர் மறுக்கவில்லை. கலியாணத்துக்கு வந்தவர்களையும் மாநாட்டு விருந்தினராக்கி, ஆளுக்கு இரண்டு இரவு தங்குவார்கள் என்று மாற்றி எழுதினார்.

விபரம் சேர்க்கப் போனபோது அறிமுகமானவர் சனூஸா. துறைமுக வீதியில் நாலு அறை விடுதி வைத்திருந்த விதவை. அறிக்கை வெளியானதும் அலுவலகத்துக்கே வந்து கேட்டார்.

"சேர், மெய்யாவே ஆக்கள் வருவாங்களா?"

"ஓம், வருவினம்."

அதை நம்பி சனூஸா, மகன் ஸாஜித்தின் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையை இடித்து ஆறு அறை கட்டினார். மண்டபமும் கட்டி முடிந்தது. ஆட்கள் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து வீதியில் கண்ட சனூஸா, தனஞ்சயனை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். பூட்டிக் கிடந்த அறைகளைக் காட்டி, "ஒங்கட கணக்குப் பிழைக்கல்ல சேர். எங்கட நஸீபு, தலையெழுத்துத்தான்" என்றார்.

சனூஸா ஏசியிருந்தால் தனஞ்சயன் தாங்கியிருப்பார். கோப்பையைக் கீழே வைத்தார். "பிழையில்லை, பொய். தெரிஞ்சுதான் எழுதினனான்."

சனூஸா அந்தக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "இத என்ட மகனுக்கிட்டச் சொல்லுங்க. உம்மாட பேராசையால கடை போச்செண்டு அவன் என்னோட கதைக்கிறல்ல" என்றார்.

அடுத்த நாள் தனஞ்சயன் கிண்ணியாவுக்குப் போனார். ஸாஜித் அங்கே இன்னொருவரின் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி, "எழுதித் தருவீங்களா?" என்றான். தனஞ்சயன் அங்கேயே எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஸாஜித் அந்தக் கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்பினான்; விசாரணை வந்தது. "உங்களை ஆராவது வெருட்டினவையோ?" என்று கேட்டார்கள்.

"இல்லை. ஒருக்கா ஏலாதெண்டு சொல்லிப் பாத்திருக்கலாம். சொல்லயில்லை."

அவரை ஒதுக்குப்புறமான ஈச்சிலம்பற்றுக்கு மாற்றினார்கள். சனூஸாவின் அறைகளில் இப்போது ஆஸ்பத்திரித் தாதிமார் வாடகைக்கு இருக்கிறார்கள். ஸாஜித் உம்மாவோடு கதைக்கிறான். ஆனாலும் நகரத்துக்கு வரும் நாட்களில் தனஞ்சயன் துறைமுக வீதியால் போவதில்லை. சனூஸா கண்டால் மறுபடியும் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார் என்று அவருக்குத் தெரியும்.