பத்தாவது ஆள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், கனடாவில், செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்று கட்டடம் வாங்கினேன். மொன்றியலில் என்னை ஆளாக மதிக்காத இடமில்லை, போன கிழமை டேவிட் வீட்டைத் தவிர.

அவன் என் யூதக் கூட்டாளி. செத்த மனைவிக்காகப் பிரார்த்தனை சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டுமாம். ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள்.

"நான் நிக்கிறனே!" என்றேன்.

"நீ சேர்த்தியில்லையடா. எனக்கே கடவுள் நம்பிக்கை போயிட்டுது. ஆனா அவள் சாக முதல் இதைக் கேட்டவள்," என்று வாசலையே பார்த்தான்.

எனக்கு எட்டு வயதில், அப்பாவின் பாடையருகே அம்மாவும் அப்படித்தான் வேலிப் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஊர்ச் சண்டையால் தூக்க மூன்று பேர்தான் வந்தார்கள். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்கார மீன்காரர் அந்தோனி சைக்கிளைச் சாத்திவிட்டு, "நாலாவது ஆளா என்ர தோள் காணுமோ, பிள்ளை?" என்றார் அம்மாவிடம்.

"காணும், அண்ணை, வாங்கோ," என்றா அம்மா.

அவர் தோளில் மீன் மணத்தது.

"பொறு, வாறன்," என்று டேவிட்டிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். என் கட்டடத்தில் குடியிருக்கும் யூதக் கிழவரை வீட்டுச் செருப்போடேயே ஏற்றி வந்தேன். டேவிட் புத்தகத்தைத் திறந்தான். நான் வாசலிலேயே நின்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.