டல்சி கையால் சொன்னது

டல்சி நங்காலா பிறந்தது ஒரு வேலம் புதரடியில். அம்மா கூழுக்கு விதை உதிர்க்கப் போன இடத்தில் வலி வந்துவிட்டது. எந்தப் புதர் எந்த வருஷம் காய்க்கும் என்று ஊரில் டல்சியைத்தான் கேட்பார்கள். வறண்ட ஓடைக்கு மேற்கே உள்ள நிலம் அவள் அப்பாவுடையது. அவருக்குப் பின் அவளுடையது. அந்த நிலத்தைப் பற்றி அவள் மட்டுமே பேசலாம். அடுத்தவர் பேசினால் வெட்கக்கேடு.

நான்கு வருஷத்துக்கு முன் அவளும் புருஷனும் அங்கே தீ வைத்தார்கள். பழைய புல் எரிந்தது. அடுத்த மழையில் வேலங்கன்றுகள் நெருக்கியடித்து முளைத்தன. இந்த வருஷம்தான் முதல் நல்ல காய்ப்பு. பூ வருமுன்னே அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். செத்தவன் பெயரைச் சொல்லக் கூடாது.

டல்சி முடியை வெட்டிக்கொண்டு விதவைகள் குடிலுக்குப் போனாள். அவன் சொந்தங்கள் கூடி வந்து விடுவிக்கும்வரை பேச்சு கிடையாது, கைதான். கையால் தண்ணீர் கேட்பாள், நாயை ஏசுவாள், நாத்தனார் பெக்கியின் சமையலைக் கிண்டல் செய்வாள்.

"வாய் இருந்தப்பகூட நீ இவ்வளவு பேசல மதினி" என்பாள் பெக்கி.

அவன் செத்த ஒன்பதாம் மாதம் சாலை அலுவலகத்திலிருந்து ஒருவன் வந்தான். ரோட்டுக்குச் சரளை வேண்டும், ஓடைக்கு மேற்கே தோண்டலாமா என்று கேட்டான். எல்லோரும் டல்சியைப் பார்த்தார்கள். டல்சி உள்ளங்கையை விரித்துப் புரட்டினாள். வேண்டாம். அங்கே இருந்த நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள். சின்னக் குழந்தைக்குக்கூட அது புரியும். வந்தவன் அவள் வாய் திறப்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். தாளில் ஏதோ எழுதினான். நன்றி சொல்லிவிட்டுப் போனான். நிலத்துக்காரி சொல்லியாயிற்று என்று மற்றவர்களும் எழுந்து போனார்கள்.

காய் முற்றியதும் பெண்கள் டல்சியோடு, லாரியில் தார்ப்பாயும் மரத்தட்டுகளும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தூரத்திலேயே புழுதி தெரிந்தது. மஞ்சள் இயந்திரம் ஒன்று புதர்களை வேரோடு தள்ளிக்கொண்டிருந்தது. பாதிக் காடு சாய்ந்துவிட்டது.

பெக்கி ஓடிப்போய்க் கையை ஆட்டினாள். இயந்திரத்தின் ஓட்டுநர் நிறுத்தினான். நல்லவன்தான். அலுவலகத்துக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் பேசியவன், நிலத்துக்காரி மறுப்புச் சொல்லவில்லை என்று தாளில் இருப்பதாகச் சொன்னான். வேண்டாமென்றால் அந்த அம்மாளே சொல்லட்டும், கேட்கிறேன் என்றான். ஓட்டுநர் போனை டல்சியிடம் நீட்டினான்.

டல்சி கையைத் தூக்கினாள். போன் அதைப் பார்க்கவில்லை.

"வேணாம் மதினி" என்றாள் பெக்கி, மெதுவாக. "எங்கண்ணன் இன்னும் போய்ச் சேரல. நீ பேசுனா திரும்பிப் பாப்பான்."

டல்சி சாய்ந்த புதர்களைப் பார்த்தாள். பிறகு நிற்கும் புதர்களை. ஓட்டுநரின் கை தளர்ந்து போன் கொஞ்சம் இறங்கியது.

"இது எங்கப்பன் நெலம்" என்றாள். குரல் துருப்பிடித்த கீல்போல் வந்தது. "தோண்டாத."

போனில் பேசியவன் வேலையை நிறுத்தச் சொன்னான். ஓட்டுநர் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனான். பெண்கள் டல்சியை விட்டு விலகி, லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். புதரைத் தடியால் அடிக்கும்போது தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை. டல்சி அதன்மேல் கல் வைத்தாள். சாய்ந்த புதர்களில்தான் முதலில் உதிர்த்தாள், அவை வாடிவிடும். விதைகள் கறுப்பாக, பளபளவென்று விழுந்தன.

அன்று மாலை குடிலில் சாம்பலில் வறுத்தாள், புடைத்தாள், தண்ணீர் தெளித்து அரைத்தாள். முதல் கவளம் செத்தவனின் தங்கைக்குப் போக வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு பெக்கியின் முன் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. அத்தனை மாதமும் வீணாகப் போயிற்று. மௌனத்துக்கு இன்று மறுபடி முதல் நாள்.

பெக்கி தட்டைப் பார்த்தாள். விதைக்கூழின் வாசனை குடிலெங்கும் இருந்தது. பிறகு அவளும் உள்ளங்கையை விரித்துப் புரட்டினாள்.

எல்லோரும் பார்த்தார்கள்.