ரெஜினா படித்துச் சொன்ன எண்கள்

போன வாரம், செங் என்ற ஊரிலுள்ள எங்கள் அலுவலகத்தில் என் கணினியில் புதிய மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்கள். இயந்திரம் எங்கே நின்றுபோனாலும் அந்த இடத்தின் பெயரை அதுவே திரையில் காட்டிவிடுகிறது. நானோ பழக்கதோஷத்தில் தடுப்புப் பலகையின் பக்கம் காதைத் திருப்பிக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் இப்போது காப்பி மெஷின்தான் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பயப்படாதீர்கள். சலவை இயந்திரத்துக்குள் இருக்கும் ‘சிப்’ எனும் சில்லுக்கு நிரல் எழுதுவது அப்போது எங்கள் பிழைப்பு. கதவைப் பூட்டு, தண்ணீரை நிறுத்து என்று ஒவ்வொரு வேலைக்கும் பெயர் வைத்து எழுதுவோம். சில்லுக்குப் பெயரெல்லாம் தெரியாது. நினைவகத்தில் அந்த வேலை இருக்கும் முகவரிதான் தெரியும், அதுவும் வெறும் எண். இயந்திரம் பாதியில் உறைந்தால், நின்ற முகவரியை மட்டும் சொல்லும். எந்த முகவரி எந்தப் பெயருக்குரியது என்று நாங்கள்தான் ‘மேப் ஃபைல்’ என்ற நீளமான கோப்பில் தேட வேண்டும்.

சோதனைக் கணினி தடுப்புக்கு அந்தப் பக்கம், என்னோடு வேலை பார்த்த ரெஜினாவிடம். கோப்பு இந்தப் பக்கம், என்னிடம். அவள் எண்ணைப் படிப்பாள், நான் பெயரைத் தேடுவேன். அந்த எண்களுக்கு நடுவே ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும். பி, சி, டி எல்லாம் என் காதில் ஒன்றாகவே விழும். அதனால் ரெஜினா ஒரு வழி வைத்திருந்தாள். ஏ என்றால் ஆப்பம், பி போண்டா, சி எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் ஐஸான செண்டோல், டி தோசை. “சைபர், எட்டு, தோசை, செண்டோல்... அக்கா, பசிக்குது லா” என்பாள். பக்கத்துத் துறைக்காரர்கள் நாங்கள் கேன்டீனுக்கு ஆர்டர் கொடுக்கிறோம் என்றே நினைத்திருந்தார்கள்.

எங்கள் இடத்தில் எப்போதும் சோப்புத்தூள் வாசம். சும்மா ஓடுகிற இயந்திரம்தானே என்று ரெஜினா வீட்டுத் துணியைக் கொண்டுவந்து போடுவாள். கணவர் சேவியருக்குச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. அவருடைய சட்டைக் கறை போனால்தான் நிரல் பாஸ் என்பது அவள் கட்சி. மகள் ஏஞ்சலின் அப்போது பாலர் பள்ளியில் இருந்தாள். அவளுடைய குட்டிக் காலுறைகள் எங்கள் அளவுக் கருவிகளுக்கு நடுவே காயும்.

ஒருமுறை ஒரு புதிய மாடல் எங்களை அலைக்கழித்தது. ரெஜினா சொல்லும் எண்ணைத் தேடினால், சம்பந்தமே இல்லாத பெயர் வரும். வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரம் கதவைத் திறக்கும் வேலையில் நின்றதாகக் காட்டும். அடுத்த முறை வேறெங்கோ. நினைவகமே கெட்டுவிட்டதென்று முடிவுகட்டி, சில்லு இருக்கும் மின்சுற்றுப் பலகையையே மாற்றிப் பார்த்தோம். அப்போதும் அப்படித்தான்.

கடைசியில் எழுந்து அவள் பக்கம் போய் நின்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். திரையில் ‘பி’ இருந்தது. அவள் விரலும் சரியாக அதன் மேல்தான் இருந்தது.

“தோசை” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுபடி படித்தாள். மறுபடியும் தோசை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்: “கொஞ்ச நாளாவே இப்படித்தான்க்கா. பார்க்குறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. சேவியர்கிட்ட இன்னும் சொல்லல.”

அன்று மாலையே சேவியர் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மூளையின் இடப்பக்கம் கட்டி என்றார்கள். மறுநாள் நானே எண்ணைப் படித்து நானே தேடினேன். பிழை மதியத்துக்குள் அகப்பட்டது. மேலாளர் தோளில் தட்டிக் கொடுத்தார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு தஞ்சோங் கிளிங்கிலுள்ள அவள் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்ததும் முகம் மலரும். கூப்பிட வாய் திறப்பாள், வார்த்தை வராது. ஒருநாள் ஏஞ்சலின் ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள். மகளின் பெயரை ரெஜினா தேடினாள். உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நானும் சேவியரும் நின்றோம். பெயர் வரவேயில்லை. பிள்ளையின் தலையைத் தடவி என்னிடம், “இது... என்னோடது” என்றாள்.

அடுத்த ஈஸ்டருக்கு அவள் இல்லை.

சேவியர் மகளோடு தைப்பிங்கிலுள்ள தம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கடற்கரைச் சாலையில் அந்த வீட்டையும் பக்கத்து வீடுகளையும் இடித்து ஹோட்டல் கட்டுகிறார்கள். எங்கள் பிரிவில் சலவை இயந்திர வேலை நின்று பல வருடம் ஆகிறது. ஒருவருக்கொருவர் எண் படித்துச் சொல்ல இப்போது யாருக்கும் அவசியமில்லை. எல்லார் காதிலும் இயர்போன்.

இந்தத் தீபாவளிக்கு ஏஞ்சலின் போன் செய்தாள். இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாளாம். வாழ்த்துச் சொல்லி முடித்தபின் கொஞ்சம் தயங்கினாள்.

“ஆன்ட்டி, அம்மா குரல் எப்படி இருக்கும்?”

வீட்டில் எல்லா வீடியோவையும் எடுத்தவள் ரெஜினாதான். அதனால் எதிலும் அவள் இல்லை. குரல் பதிவுகள் இருந்த பழைய போனும் செத்துவிட்டதாம்.

உன்னைப் போலத்தான் இருக்கும் என்று சொல்ல ஆசைப்பட்டேன். அவளைப் பேசவிட்டு, ஸ்கூல், பரீட்சை, பாட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ரெஜினா எங்காவது தட்டுப்படுகிறாளா என்று கண்ணை மூடி வெகுநேரம் காதுகொடுத்திருந்தேன்.

அத்தனையும் சேவியரின் குரல்.