இருமலுக்குக் காத்திருந்தவள்

ஓர்சேட்டாவைப் பெற்றது அநாதை ஆசிரமத்துச் சுவர்ப் பொந்துதான் என்று தோழிகள் கேலி பேசுவார்கள். பொந்தில் கிடந்த குழந்தையின் துணிக்குள் பாதியாகக் கிழித்த சீட்டு ஒன்று இருந்தது. மீதிப் பாதியைக் காட்டிக் குழந்தையைக் கேட்க யாரும் வரவில்லை. வெனிஸில் அப்படிப் பிள்ளைகள் நிறைய. அங்கே வளர்ந்த பெண்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, வாசிக்கும் வாத்தியமே பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஏழு வயதில் அவள் ‘வயலின் ஓர்சேட்டா’ ஆனாள். இருபதில், ஆசிரமக் கோயிலில் பெண்கள் மறைந்து நின்று வாசிக்கும் மாடத்தின் முதல் வயலின் அவளுடையது.

இசையமைப்பது மட்டும் சம்பளத்துக்கு வரும் ஆண்களின் வேலை. அவள் சலவைக் கணக்குத் தாள்களின் முதுகில் திருட்டுத்தனமாக எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதில் அதிர்ஷ்டம் அடித்தது. இசையாசிரியர் வேறு நாட்டு அரண்மனைக்கு ஓடிப்போனார். தவக்கால ஞாயிறு ஒன்றுக்கு வாசிக்கப் புதிதாக எதுவும் இல்லை. ஆசிரமத்தை நடத்திய கனவான்கள் வேறு வழியில்லாமல் அவளுடைய கான்சர்ட்டோ ஒன்றை, மூன்று பகுதி கொண்ட வயலின் இசையை, அனுமதித்தார்கள். சபைக்குப் பிடித்தால் அவளே இனி எழுதலாம். பிடிக்காவிட்டால், ஒரு வருஷமாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்த மெழுகுவர்த்திக்காரன் பொர்த்தோலோவுக்கு அவளைக் கட்டிவைத்துவிடுவார்கள். மணமாகிப் போகிறவள் பிறகு எங்குமே பொதுவில் வாசிப்பதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பொர்த்தோலோ நல்லவன். அதுதான் சங்கடம். கம்பிக் கிராதிக்குப் பின்னால் வாசிப்பவளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் காதலித்தவன் அவன். பார்வையாளர் அறையில் கிராதி வழியாகச் சந்தித்தபோது, ஞாயிற்றுக்கிழமை தன் பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்து இருமுவதாக வாக்குக் கொடுத்தான்.

கோயிலுக்குள் கைதட்டக் கூடாது. ஆகவே பிடித்திருந்தால் இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், நாற்காலியைத் தரையில் இழுப்பார்கள். கனவான்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இசையை எடைபோட்டார்கள். மனிதர்கள் அளவுகோலுக்கு எதை எதையோ எடுத்துக்கொள்கிறார்கள். தொண்டை அவற்றில் மிக மோசமானது என்று சொல்ல முடியாது.

“நான் ஜெயிச்சா உங்களுக்குக் கிடைக்க மாட்டேனே, தெரியுமில்ல?” என்றாள் ஓர்சேட்டா.

“தோத்துட்டு வந்தவ ஜன்னலையே வெறிச்சுக்கிட்டு இருப்பா, நான் பக்கத்துல உக்காந்து மெழுகு உருக்கணுமா?” என்றான் அவன். “இருமறேன்னா இருமறேன்.”

அந்த வாரம் வடக்குக் காற்று வீசி நகரம் முழுக்கச் சளி பிடித்தது.

ஞாயிறன்று மாதுளம்பூவைக் கூந்தலில் செருகிக்கொண்டு கிராதிக்குப் பின்னால் நின்றாள். சுருதி சேர்க்கும்போதே கீழே இருமல் கிளம்பிவிட்டது. முதல் பகுதியில் அது மழையாகக் கொட்டியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வில் தானாக ஓடியது, எழுதாத சுரங்களெல்லாம் விரலில் வந்து குதித்தன. அந்தப் பகுதி முடிந்ததும், பக்கத்தில் பெரிய வயலினைக் கட்டிக்கொண்டிருந்த தோழி மெனேகா குனிந்து, “ரொம்பப் பூரிச்சுப் போகாதடி. ஊரே சளியில கிடக்கு. நீ தந்தியை முறுக்குனதுக்கே இருமுனாங்க,” என்றாள்.

சந்தோஷம் அப்படியே வடிந்தது. இரண்டாம் பகுதி மெதுவானது. சலவை அறையில், ஈரத்துணி சொட்டும் சத்தத்துக்கு நடுவே எழுதியது. அதைத் தொடங்கி நாலு வரி போவதற்குள் கீழே சத்தம் அடங்கியது. ஒரு செருமல்கூட இல்லை. சளி பிடித்த ஊரில் ஒருவர்கூட இருமவில்லை என்றால் எவ்வளவு வெறுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். மெழுகு வாசனை மூக்கில் ஏறியது. கடைசி சுரத்தை விட மனமில்லாமல் வில்லின் நுனிவரை இழுத்தாள்.

வில் நின்றது. அப்போதும் அமைதி.

பிறகு முன்வரிசையில், முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்த கனவான்களின் தலைவர் வெடித்தார். அவரைத் தொடர்ந்து கோயிலே இருமியது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பலிபீடத்தில் இரண்டு திரிகள் அணைந்தன. மூன்றாம் பகுதியைத் தொடங்கப் பெண்கள் வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு முடிவெடுக்கக் கூடியபோது ஒரு கனவான், மெதுவான பகுதிக்கு நடுவில் இருமலே விழவில்லை, ஆகவே தோல்வி என்று வாதாடினாராம். ஆசிரமத் தலைவி மதோனா அன்ஸோலா அவரைப் பேசவிட்டுக் கேட்டாள்: “இருமல் வந்தும் அடக்கிக்கிட்டு உக்காந்தாங்களே, அதை எதுல சேர்ப்பீங்க ஐயா? நீங்களே வாயில கைக்குட்டையை அடைச்சிருந்தீங்க. நான் பாத்தேன்.”

அதன்பின் முப்பத்தொரு வருஷம் ஓர்சேட்டா அந்த மாடத்துக்கு எழுதினாள். எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. மெதுவான பகுதிகள் சில நன்றாகவே இருந்தன.

அந்த ஞாயிறு மாலையே பார்வையாளர் அறைக்குப் பொர்த்தோலோ வந்திருந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, கண் சிவந்து நின்றான்.

“மன்னிச்சிரு,” என்றான். “மெதுவான பகுதியில என் ஆளுங்க இருமாம அடக்கிப் பிடிக்கவே நேரம் சரியாப் போச்சு. கடைசியில எல்லாரும் இருமுனாங்க. நான் மட்டும் மறந்துட்டேன்.”

கிராதிக்கு இந்தப் பக்கம் ஓர்சேட்டா சிரித்துச் சிரித்துக் கடைசியில் அவளே இரும ஆரம்பித்தாள். அவளுக்கும் சளி பிடித்திருந்தது.