பகலில் வீட்டில் இருக்கும் போன்கள்

ஒரு கெட்ட செய்தி வீட்டுக்கு வரும்போது அதை முதலில் யார் பார்க்க வேண்டும்? முன்பெல்லாம் எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை இருந்ததாம். பட்டாசுக் கம்பெனிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் ஆண்கள் பைக்கில் போய்ப் பார்த்து வருவார்கள். யாருக்கு என்ன என்று உறுதியான பிறகு, அந்த வீட்டுக்கு வேண்டிய ஒருத்தி போய், அடுப்பை அணைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் வாயைத் திறப்பாளாம்.

நான் மல்லாங்கிணற்றில் பிறந்து, விருதுநகரில் கணிதம் படித்து, தாயில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணவருக்குத் திருத்தங்கல்லில் அச்சக வேலை. மகள் கைக்குழந்தையாக இருந்ததால் நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் கம்பெனி வேன் புறப்பட்டுவிட்டால் எங்கள் தெருவில் மிஞ்சுவது குழந்தைகளும் வயதானவர்களும்தான்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் பெரும்பாலான வீட்டில் பகல் முழுக்க ஒரு போன் சும்மா கிடக்கும். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் மகளுடைய போனைக் கொண்டுவந்து, முதியோர் உதவித்தொகை பற்றி ஏதோ வந்திருக்கிறது, வாசித்துச் சொல் என்றார். வாசித்தேன்.

"ஒவ்வொன்னுக்கும் உன் வாசல்ல வந்து நிக்கணுமா? எனக்கே சொல்லிக் குடுத்தா கொறஞ்சா போவ?" என்றார்.

அடுத்த வாரத்தில் சமுதாயக்கூடத்தில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கண் மங்கியோ இளைப்பு வந்தோ கம்பெனி வேலையை விட்டவர்கள். ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள்: ஒருவர் பாய், ஒருவர் பேரனின் சிலேட்டு, ஒருவர் குடத்தில் தண்ணீர். போன் இருந்தவர்கள் போன். ஒரே ஒரு சட்டம், சாயங்காலம் வேன் வருவதற்குள் போனைச் சார்ஜ் போட்டு இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு அத்தையிடம் போன் இருந்தது, கண் தெரியாது. எதிர்வீட்டு அத்தையிடம் கண் முகாமில் கொடுத்த கண்ணாடி இருந்தது, போன் கிடையாது. அவர் வீட்டில் ஒரே போன். அது லோடு வண்டி ஓட்டும் மகனோடு போய்விடும். இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். போன்காரி, கண்ணாடிக்காரி என்றே மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

"ஏ கண்ணாடிக்காரி, கழட்டிக் குடு. உன் மூக்குல இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"போன நீ விடாமப் பிடிச்சிருந்தா, கண்ணாடியப் போட்டு நான் என்ன செவரயா பாக்க?"

எழுத்துக் கூட்டப் பழகினார்கள். பஸ் நேரம் பார்த்தார்கள். ஊர் குரூப்பைத் திறக்கவும், முக்கோணத்தை அமுக்கினால் வீடியோ ஓடும் என்பதையும் நான்தான் காட்டினேன். கேட்டதைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருந்தால் வேறு யாராவது காட்டியிருப்பார்கள் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

போன வருஷம் சீசன் நேரத்தில், மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம். மேற்கே சத்தம் கேட்டது. ஜன்னல் அதிர்ந்தது. என் மகள் விழித்து அழுதாள். யாரும் எழுந்து ஓடவில்லை. எல்லோரும் போனைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. நான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டாம் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் போன்கார அத்தை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முக்கோணத்தை அமுக்கிவிட்டார். புகைக்கு நடுவில் தரையில் கிடந்த ஒரு பெண். முகம் தெரியவில்லை. சேலை தெரிந்தது.

"என் மக சேல. ஏ ஆத்தா, என் மக சேல."

தீபாவளிக்குக் கம்பெனியில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி நூல் சேலைதான் கொடுப்பார்கள். உள்ளே நூல் சேலைதான் கட்டலாம் என்பதால் அதையே வேலைக்கும் கட்டிப் போவார்கள். அவர் மகளிடம் அது உண்டு. எதிர்வீட்டு அத்தையின் மருமகளிடமும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேன்.

எதிர்வீட்டு அத்தை அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தான் போட்டுக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் மக இல்லக்கா. அழாத. உன் மக இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தேன். நான் பாத்துட்டேம்லா."

கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். "பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துரும், ஒல வைக்கணும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். போன்கார அத்தை மூக்கைச் சிந்தி, சாமிக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டார். எனக்கும் உயிர் வந்தது போலத்தான் இருந்தது. ஒரு பொம்பளை செத்துக் கிடக்கிறாள், நமக்குத் தெரிந்தவள் இல்லை என்றதும் மூச்சு விடுகிறோம்.

அந்த வேன் அன்று வரவில்லை. போன்கார அத்தையின் மகள் வேறு அறையில் வேலை பார்த்தவள், இருட்டும்போது நடந்தே வந்து சேர்ந்தாள். அதன் பிறகுதான் மருமகள் சேதியோடு எதிர்வீட்டுக்கு ஆட்கள் போனார்கள். அங்கே பேத்தியும் பேரனும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அத்தை அவர்களுக்குத் தலை வாரிவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். சொல்லப் போனவர்களுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

"அவ ரவிக்கைக் கையில ஒட்டுப் போட்டது நான்லா," என்று பிறகு ஒரே ஒரு தடவை சொன்னார்.

நான் எங்கள் தெருவில் எல்லாப் போனிலிருந்தும் வீடியோவை அழித்தேன். சில மாதம் யாரும் கூடவில்லை. பிறகு அவர்களே ஒவ்வொருவராக வந்து பாயை விரித்தார்கள். எதிர்வீட்டு அத்தையும் வருகிறார். போன்கார அத்தை மட்டும் அவரோடு சேர்ந்து உட்காருவதில்லை, கண்ணாடியும் கேட்பதில்லை. போனைக் கண்ணுக்கு வெகு கிட்டத்தில் பிடித்துக்கொண்டு சுவரோரம் இருக்கிறார். ஊர் குரூப்பை யாரும் திறப்பதில்லை. முன்பிருந்த கேலி எதுவும் இப்போது இல்லை.

போன வாரம் எதிர்வீட்டு அத்தை தனியாக என் வீட்டுக்கு வந்தார். பேத்தி ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பாடம் போனில் வருவதால், பள்ளி திறக்கும்போது அவளுக்கென்று ஒன்று வாங்கித் தருவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார்.

"வாங்கலாமா தாயி?"

"வாங்கலாம் அத்தை. படிப்புக்குத்தானே."

"அது அதுல இருக்குமா?"

அவர் கேட்டது அந்த வீடியோவை.

"நீ அழிச்சிட்டேன்னு சொன்னீல்லா. அம்புட்டும் போயிருச்சுல்ல?"

அழித்தது எங்கள் தெருவில் மட்டும்தான். பங்குனியில்கூட மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு சொந்தக்காரர் எனக்கு அதையே அனுப்பியிருந்தார், சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து. எங்கே எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. அது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேத்தியின் கைக்கும் ஒருநாள் வரலாம். ரவிக்கையின் ஒட்டு அவளுக்கும் தெரியும்.

"கேட்டுச் சொல்றேன் அத்தை," என்றேன்.

"படிச்ச பிள்ள நீ. நீ யாருகிட்டப் போய்க் கேப்ப?" என்று சொல்லிவிட்டு, என் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

உங்களிடம்தான் கேட்கிறேன். உண்மையை அத்தையிடம் சொன்னால் அந்தக் குழந்தைக்குப் போன் கிடைக்காது, படிப்பில் பின்தங்குவாள். போய்விட்டது என்று சொன்னால், என்றைக்காவது பக்கத்தில் யாருமே இல்லாதபோது அவள் அதைப் பார்த்துவிடலாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று அவளிடமே முன்கூட்டிச் சொல்லிவைக்கலாமா? அதை எந்த வயதில் சொல்வது, யார் சொல்வது, நானா, அவள் அப்பாவா? பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள், பிள்ளைகளோடு பழகியவர்கள், என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.