ஜெபத்துக்குப் போட்ட நாற்காலி

இன்பராஜுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் வேலை. கலவை ஊர் ரத்தினசாமியின் கடைசி மகன். அந்த வம்சத்து ஆண்கள் யாருக்குமே முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாது. அப்பனும் அப்படி, பெரியப்பனும் அப்படி. இவன் சொந்த அத்தை மகள் பிரிசில்லாவைக் கட்டினான். அவளுக்கு மார்பில் கட்டி வந்து, வேலூரில் கீமோ ஏற்றினார்கள்.

"இந்த மருந்து எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையையும் சேர்த்து அடிச்சிடும்," என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். "ரத்தம் ஊறுறதே அங்கதான். அடுத்த வாரம் நோயைத் தடுக்கிற வெள்ளை அணு ரொம்ப கம்மியாயிடும். கூட்டம் சேர்க்காதீங்க. காய்ச்சல் அடிச்சா மாத்திரை போட்டு அமுக்காதீங்க, உடனே கூட்டினு வாங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் சபையிலிருந்து ஜெபக்குழு வந்து நின்றது. முன்னால் ஜீவா அக்கா. பின்னால் ஒருவர் இருமிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

"யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா..." என்று இழுத்தான்.

"இன்னா தம்பி, கர்த்தருக்கே விசிட்டிங் டைம் வெச்சிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து போட்டான். கட்டிலில் கிடந்த பிரிசில்லா அவனையே பார்த்தாள். முடி கொட்டிய அவள் தலையில் ஆளாளுக்குக் கை வைத்து ஜெபித்தார்கள். இருமியவரும் வைத்தார்.

இரண்டு நாளில் அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. காய்ச்சலென்றால் மாத்திரை விழுங்கிவிட்டு ஷிஃப்டுக்குப் போகிறவன் அவன். அதே மாத்திரையை அவளுக்கும் கொடுத்தான். சூடு தணிந்தது. சாயங்காலம் அவளுக்கு நடுக்கம் கண்டு பேச்சு குழறிய பிறகுதான் வேலூருக்குக் கார் பிடித்தான்.

"வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல சார்."

பிரிசில்லா கண் திறந்தாள். "ஜெபத்துக்கு வந்தாங்க சார். மாமாதான் சேர் போட்டாரு."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அடுத்த கீமோ தள்ளிப்போனது. அவள் வீடு திரும்பியதும் ஜீவா அக்கா குழுவோடு மறுபடி வந்தார். இன்பராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வழி விடவில்லை.

"இங்கருந்தே ஜெபிங்கக்கா."

"தெருவுலயா? பார்க்கிறவங்க இன்னா நெனைப்பாங்க?"

அவனுக்குக் காது மடல்வரை சுட்டது. "என்னைப் பத்திதானே நெனைப்பாங்க. நெனைச்சிட்டுப் போகட்டும்."

தலை நிமிரவில்லை, இடத்தை விட்டு நகரவும் இல்லை. அவர்கள் தெருவில் நின்றே ஜெபித்தார்கள். ஜன்னல் வழியாகப் பிரிசில்லா "ஆமென்" சொன்னது கேட்டது.